ஒரே மூச்சின் நீளம்

கிள்ளான் துறைமுகத்தின் பழைய தொழிலாளர் குடியிருப்பில் மாணிக்கவாசகம், அஞ்சலை இணையர்க்கு மூன்றாம் மகனாகப் பிறந்தவனும், ஐம்பத்தெட்டு அகவை நிறைந்து ஐம்பத்தொன்பதில் அடியெடுத்து வைத்தவனும், 'ராப்' எனப்படும் சொல்லிசை உலகில் 'கிள்ளான் சிங்கா' என்று அறியப்பட்டவனுமாகிய சிங்காரவேலு என்னும் நான், நல்ல நினைவோடும் தெளிந்த மனத்தோடும் இந்த ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருக்கிறேன். நிற்பதைத் தவிர இப்போது நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கீழே டயர் கடையில் காற்றடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடும்வரை இந்தக் கட்டடத்தின் தரை மெல்ல நடுங்கும். அந்த நடுக்கம் சுவர் ஏறி, கறுப்புப் பஞ்சு ஒட்டிய இந்தப் பலகைகளைத் தாண்டி, ஒலிவாங்கியின் வலைக்குள் புகுந்துவிடும். ஆகவே அது தன் வயிறு நிறையக் காற்றைக் குடித்து முடித்து ஓயும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் ஜெகதீஸ்வரன் அமர்ந்திருக்கிறான். இந்த நிலையத்தின் உரிமையாளனும் அவனே, ஒலிப்பொறியாளனும் அவனே. பொத்தானை அழுத்தி என் காதுக்குள் பேசுகிறான். "அண்ணே, கம்ப்ரசர் நிக்கட்டும். கொஞ்ச நேரம்லா. உக்காருங்களேன்." நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வயிறு மடியும், வயிறு மடிந்தால் மூச்சு குட்டையாகும் என்று யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை, நானே கண்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒலிவாங்கியின் முன் நிற்கிறேன் என்று ஜெகா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். மேடைக் கணக்கில் அது பொய். கோயில் திருவிழா, கல்லூரி விழா, திருமண மண்டபம் என்று நான் நிற்காத மேடை இல்லை. பதிவுக் கணக்கில் அது மெய். மேடை ஒலிவாங்கி கையில் இருக்கும். இது முகத்துக்கு நேராகத் தொங்குகிறது, எதையோ கேட்க வந்து, கேட்காமல் காத்திருக்கும் ஒருவரைப் போல. நான் சொல்வதை மட்டுமா அது கேட்கும்? நான் சொல்லாததையும் கேட்கும் போலிருக்கிறது. கீழே இயந்திரம் குடித்துக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு காற்றுதான் பிடிக்கும் ஒரு வயிற்றுக்கு?

எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது நாடறிந்த செய்தி. 'துறைமுகத்துப் பிள்ளை' என்னும் என் பாட்டின் மூன்றாம் பகுதியை ஒரே மூச்சில், இடையில் ஒரு துளிக் காற்றும் இழுக்காமல், இறுதிச் சொல்வரை சொல்லி முடித்தவன் நான். ஒலிநாடாக் காலத்தில் நடந்தது அது. அன்று எனக்கு இருபத்தொன்பது வயது. பகலில் துறைமுகத்தில் மாவு மூட்டையும் சீனி மூட்டையும் இறக்குவேன், மாலையில் பழைய நாளிதழ்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழ் கற்பேன். ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு இலக்கணம் எங்கிருந்து வந்தது என்று பிற்காலத்தில் சிலர் வியந்தார்கள். அது மளிகைக்கடையில் பொருள் சுற்றிவந்த தாள்களிலிருந்து வந்தது என்று நான் தலை நிமிர்ந்தே சொல்லியிருக்கிறேன். மூச்சு வந்தது மூட்டையிலிருந்து. மூட்டையைத் தோளில் ஏற்றிப் பலகைமேல் நடக்கும்போது மூச்சை விட்டால் இடுப்பு தளரும். ஆகவே கப்பலிலிருந்து கிடங்குவரை மூச்சைக் கட்டிக்கொண்டு நடப்போம். விலாவுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே ஓர் இடம் இருக்கிறது. மூச்சு தீர்ந்தது என்று உடம்பு சொல்லும்போது அந்த இடத்தை இறுக்கி உள்ளே தள்ளினால், இன்னும் ஒரு பங்கு காற்று வெளியே வரும். அந்தக் கடைசிப் பங்குதான் என் பெயர். நான் அதைச் செய்து முடித்த அன்று ஒலிநாடாக் கடைக்காரர்கள் நம்பவில்லை, வெட்டி ஒட்டியது என்றார்கள். அவர்களின் கடை வாசலில் நின்றே சொல்லிக் காட்டினேன். கறிகாய் வாங்க வந்த பெண்கள்கூட நின்று பார்த்தார்கள். முடித்தபோது கண்ணில் பூச்சி பறந்தது, காது அடைத்தது, ஆனால் நான் விழவில்லை. விழவில்லை. இந்தச் சொல்லில் ஏன் மனம் தடுக்கி நிற்கிறது? விழவில்லை என்பது அன்றைய செய்தி. அன்றைய செய்தியை இன்று சுற்றிவந்த தாளாக நான் பிரித்துப் படிக்கிறேன்.

என் வலப்பக்க நுரையீரலின் மேல் நுனியில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. இருமல் நிற்காமல் போனதால் படம் எடுத்தார்கள். மருத்துவர் லியோங் திரையைத் திருப்பிக் காட்டினார். நுரையீரல் சாம்பல் நிறத்தில் நுரைநுரையாக இருக்க, ஓரிடம் மட்டும் கன்னங்கரேல் என்று வட்டமாக இருந்தது. சுவர் மெலிந்த கொப்புளம், உள்ளே காற்று மட்டும்தான் என்றார். காற்று மட்டும்தான் என்று கேட்டதும் எனக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு அவர் மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னார்: பலூன் ஊதாதீர்கள், கனமானதைத் தூக்காதீர்கள், நீருக்கடியில் போகாதீர்கள், மூச்சை அடக்கி முக்காதீர்கள். அது வெடித்தால் நுரையீரல் சுருங்கிவிடும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் மோசம். என்ன தொழில் செய்கிறீர்கள் என்றார். லாரி ஓட்டி ஓய்ந்தவன் என்றேன், அது உண்மை. பாடுவீர்களா என்று ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. என் குரலில் ஏதோ கேட்டிருக்கும். இல்லை என்றேன். அதுவும் உண்மையே, சொல்லிசை பாட்டன்று, பேச்சு. நான் வாழ்நாளில் பாடியதில்லை. தவமணி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்லள். காரில் ஏறிய பிறகுதான் சொன்னாள், "பாடுறதில்லன்னு சொல்லி டாக்டர ஏமாத்திட்டீங்க. நெஞ்ச ஏமாத்துவீங்களா?" நான் சொன்னேன், இப்போதெல்லாம் யாரும் ஒரே மூச்சில் பதிவு செய்வதில்லை, துண்டு துண்டாகச் சொன்னால் இயந்திரம் ஒட்டிக்கொள்ளும் என்று. அவள் அதை நம்பினாள். அல்லது, நம்பியதாக வைத்துக்கொண்டால் வீட்டில் உறங்க முடியும் என்று முடிவு செய்துகொண்டாள். அன்றிலிருந்து நான் குனியும்போதும், படியேறும்போதும், தும்மும்போதும் அந்தக் கறுப்பு வட்டம் என்னோடு குனிகிறது, ஏறுகிறது, தும்மலுக்கு முன் ஒரு கணம் என்னோடு சேர்ந்து காத்திருக்கிறது. வலிப்பதில்லை. வலித்தால் தேவலை. ஒன்றும் செய்யாமல், ஒன்றும் கேட்காமல், உள்ளே ஓர் அறையை எடுத்துக்கொண்டு குடியிருக்கிறது.

வெளியே குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் கள்ளம் இல்லை. அதுதான் அச்சமாக இருக்கிறது. ஜெகா ஒரு படம் செய்து இணையத்தில் வெளியிட்டான்: என் பழைய முகம், இன்றைய முகம், நடுவில் பெரிய எழுத்தில் 'ஒரே மூச்சு, மறுபடியும்'. அன்றிலிருந்து பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில், சாப்பாட்டுக் கடையில், இறப்பு வீட்டில்கூட, என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தொப்பை விழுந்த, தலை நரைத்த, ஒரு காலத்தில் பள்ளிச் சட்டையோடு மேடைக்கு முன் நின்றவர்கள். ஒருவர் தன் முன்கையில் என் வரியைப் பச்சை குத்தியிருக்கிறார். அந்தத் தோல் இப்போது தளர்ந்து எழுத்துகள் சாய்ந்துவிட்டன. "சிங்காண்ணே, இன்னும் அதே மூச்சா?" என்பார்கள். நான் சிரிப்பேன். சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். போன வாரம் எண்ணெய் நிலையத்தில் ஒருவர், பெயர்கூடத் தெரியாது, என் முதுகில் ஓங்கித் தட்டி, "அண்ணே, நீங்க செத்தாகூட ஒரே மூச்சுலதான் போவீங்க!" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். தட்டிய இடத்துக்கு நேர் உள்ளேதான் அந்த அறை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியபின் நெடுநேரம் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அன்பு என்று இதற்குப் பெயர். அன்பு என்னிடம் ஒன்றை ஒப்படைத்திருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்கிறது, ஒப்படைத்தது இன்னும் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. 'வெட்டு ஒட்டு இல்லாம காட்டுங்க' என்று எழுதினார்கள். ஆகவே ஜெகா கூண்டின் மூலையில் முக்காலியில் ஒரு படக்கருவியையும் நிறுத்தியிருக்கிறான். அதன் நெற்றியில் சிவப்புப் புள்ளி. இப்போது அணைந்திருக்கிறது. அணைந்திருப்பதும் என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது.

தரையின் நடுக்கம் நின்றது. எதுவும் நின்றபிறகுதான் அது எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரிகிறது. ஜெகா கையை உயர்த்துகிறான், "இது ட்ரையல்தாண்ணே, கேமரா வேணாம், சும்மா போங்க" என்கிறான், பாட்டின் தாளமான பீட் காதுக்குள் விழுகிறது, கப்பல் பலகைமேல் கால் வைப்பது போல ஒவ்வோர் அடியாக, நான் மூச்சை இழுக்கிறேன், மருத்துவர் சொன்னபடி முக்காமல், முக்காமல் என்று சொல்லிக்கொண்டே, மூட்டை சுமந்த தோளுக்கு முன்னாலே என்று தொடங்கிவிட்டேன். வருகிறது. ஐயா, வருகிறது. சொற்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி ஓடுகின்றன, எதுவும் இடறவில்லை, நெஞ்சு தளர்வாக இருக்கிறது, வலப்பக்கம் அமைதியாக இருக்கிறது, இருபத்தொன்பது வயதுக்காரன் எங்கும் போகவில்லை, உள்ளேயேதான் இருந்திருக்கிறான், லியோங் என்ன கண்டார், படம் என்ன கண்டது. பாதியைக் கடந்தேன், மூன்றில் இரண்டு பங்கைக் கடந்தேன், கடைசிப் பங்குக்கு வயிற்றை இறுக்க வேண்டிய தேவைகூட வரவில்லை, இன்னும் காற்று மிச்சம் இருந்தது. முடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஜெகா எழுந்து கை தட்டுவான் என்று நினைத்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் வெறும் பீட் ஓடி அடங்கியது. "என்னடா, எப்படி?" என்றேன். "நல்லா இருக்குண்ணே." அந்த 'நல்லா'வை மருத்துவர்களிடம் கேட்டிருக்கிறேன். "சொல்லுடா." அவன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணுமில்லண்ணே. லைனோட கடைசி வார்த்த சில எடத்துல வரல. நாலு எடம்." மைக் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "மைக் ஓக்கேதான். நீங்க சொல்லல."

நான் சொல்லாமலா? எனக்கு என் வரி தெரியாதா? போட்டுக் காட்டு என்றேன். போட்டான். 'மூட்டை சுமந்த தோளுக்கு முன்னாலே மூச்சு முட்டி நின்னுச்சு' என்று என் குரல் வருகிறது, வந்த வேகத்தில் ஒரு குழி, அந்தக் குழிக்குள் பீட் மட்டும் கேட்கிறது, பிறகு ஒரு சின்ன உறிஞ்சல், பிறகு 'பாட்டன் ஏறிய கப்பல் போயிருச்சு, படியில மிச்சம் அவன்' என்று வருகிறது, மறுபடியும் குழி, மறுபடியும் உறிஞ்சல். கடல் என்ற சொல் இல்லை. உடல் என்ற சொல் இல்லை. பின்னால் இன்னும் இரண்டு இல்லை. உறிஞ்சல் இருக்கிறது, நான்கு இடத்திலும், எலி வளைக்குள் இழுத்துக்கொள்வது போல. "கையக்கூட நீட்டுனீங்கண்ணே," என்றான் ஜெகா, தயங்கித் தயங்கி, "ஸ்டேஜ்ல மைக்க ஆடியன்ஸ்கிட்ட குடுப்பீங்கல்ல, அந்த மாதிரி." கையை நீட்டினேனா? என் வலக்கை என் பக்கத்தில் தொங்குகிறது. இது நீண்டதா? இந்தப் பஞ்சுச் சுவரை நோக்கி, வெறுங்கையாக, யாரிடம்? மேடையில் வரியின் கடைசிச் சொல்லை நான் சொல்வதில்லை. ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் சாய்ப்பேன், அவர்கள் கத்துவார்கள். எல்லாரும் செய்வதுதான். கூட்டத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்று இளையவர்களுக்கு நான் பேட்டியில் விளக்கியிருக்கிறேன். அவர்கள் 'கடல்!' என்று கத்தும் அந்த நேரத்தில் என் நெஞ்சு என்ன செய்துகொண்டிருந்தது? என் நெஞ்சு குடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல். ஆயிரம் பேர் கத்தும் சத்தத்துக்கு அடியில், அவர்களுக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல், ஆண்டு ஆண்டாக. முடித்ததும் அவர்கள் வானம் கிழியக் கத்துவார்கள், ஒரே மூச்சு, ஒரே மூச்சு என்று, நானும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலை வணங்குவேன், உண்மையான பெருமையோடு. எந்த ஆண்டிலிருந்து? முதலில் ஒரு சொல்லாக இருந்திருக்கும். பிறகு இரண்டு. நான் அதைத் தேடிப் பின்னோக்கிப் போகிறேன், ஒவ்வொரு மேடையாக. எந்த மேடையிலும் கூட்டத்தின் சத்தத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. சத்தம் பெரிதாக இருக்கிறது. இப்படியே போனால் ஒலிநாடாக் கடை வாசல்வரை போய்விடுவேன் என்று அஞ்சி நிறுத்துகிறேன். அந்த வாசலில் யாரும் கத்தவில்லை. அது மட்டும் உறுதி. உறுதிதானா? கறிகாய்ப் பைகளோடு நின்ற பெண்கள் வாயைத் திறக்கவில்லை. உறுதி.

கீழே இயந்திரம் மறுபடியும் தொடங்கிவிட்டது. யாருடைய வண்டியோ. ஜெகா கூண்டின் கதவைத் திறந்து தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். "டென்சன் ஆவாதீங்கண்ணே. இதெல்லாம் ஒரு விசயமே இல்ல. அந்த நாலு வார்த்தைய மட்டும் தனியா எடுத்து உள்ள பஞ்ச் பண்ணிடறேன். மூச்சு சத்தத்த நான் எடுத்துருவேன், ஒருத்தனுக்கும் தெரியாது." வெட்டு ஒட்டு இல்லாமல் காட்டச் சொல்கிறார்களே என்றேன். "வீடியோல அந்த எடத்துல மட்டும் கேமரா என் பக்கம் திரும்புற மாதிரி வெச்சுக்கலாம்லா. நான் தலைய ஆட்டிக்கிட்டு இருப்பேன். அதுக்குத்தான் இவ்ளோ பெரிய தல." அவன் சிரித்தான். நல்லவன். அவன் அப்பா என் ஒலிநாடாவை வண்டியில் தேயத் தேயப் போட்டவர். இந்த நிலையத்தின் பெயரும் பெருமையும் இந்தப் பாட்டோடு ஏறும் என்று நம்பியிருக்கிறான். அப்போதுதான் தவமணி அழைத்தாள். "சாப்டீங்களா?" என்றாள். அவள் கேட்க நினைத்தது அதுவன்று. "இன்னும் இல்ல." "மூச்சு வாங்குற மாதிரி இருக்கே?" "படியேறுனேன்." "மெசின் ஒட்டிக்குதா?" "ஒட்டிக்கும்." "ஒட்டிக்கிட்டா சரி. மீன் வாங்கி வெச்சிருக்கேன்." வைத்துவிட்டாள். ஒட்டிக்கொள்வதுதான் முறை. உயிரோடு வீட்டுக்குப் போய் மீன் உண்ணலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் இனி எனக்குத் தெரியும். இதுவரை நான் பொய்யன் அல்லன். தெரியாமல் நடந்தது பொய்யாகாது. இன்று மதியம்வரை கடவுள் முன்னும் நெஞ்சு நிமிர்த்தி நிற்கலாம். அந்த நான்கு சொற்களைத் தனித்தனியாக, நிதானமாக, நெஞ்சு நிறையக் காற்றோடு இந்த வலைக்குள் சொல்லிக் கொடுத்தால், கடல், உடல் என்று, தராசில் ஒவ்வொன்றாக வைப்பது போல, அதன்பின் எண்ணெய் நிலையத்தில் கையைப் பிடிக்கிறவரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அல்லது தள்ளலாம். தொப்புளுக்கு மேலே அந்த இடம் இருக்கிறது, மறக்கவில்லை. ஒரு தரம் இறுக்கித் தள்ளினால் முழுவதும் வரும். அந்தக் கறுப்பு வட்டத்தின் சுவர் என்ன தடிமன் என்று மருத்துவர் சொல்லவில்லை. தாள் தடிமன் என்றா சொன்னார்? பொருள் சுற்றிவந்த தாளா, எந்தத் தாள்? தாங்கினாலும் தாங்கும். எத்தனையோ பேர் தெரியாமலே கொப்புளத்தோடு வாழ்ந்து கிழவராகி இறக்கிறார்களாம். தாங்காவிட்டால் இங்கே, இந்தப் பஞ்சுச் சுவர்களுக்குள். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்க, ஜெகா முதலில் நான் நடிக்கிறேன் என்று நினைப்பான். அதை அவர்கள் பார்ப்பார்கள். வெட்டு ஒட்டு இல்லாமல். திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஒரே மூச்சிலதான் போனாரு என்பார்கள், அழுதுகொண்டே, அன்போடு. அவர்களுக்கு அதைவிட நிறைவான முடிவு ஏது என்று தோன்றியபோதுதான் என் முதுகு சில்லிட்டது. ஏனென்றால் ஒரு கணம் எனக்கும் அது நிறைவாகத் தோன்றியது.

ஓசை ஓய்ந்தது. "கேமராவப் போடு," என்றேன். "இப்பவேவாண்ணே?" "போடு." சிவப்புப் புள்ளி எரிந்தது. ஜெகாவின் கை உயர்ந்தது. மூச்சை இழுத்தேன், பீட் விழுந்தது, வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டேன், அது எங்கும் நீளக்கூடாது. மூட்டை சுமந்த தோளுக்கு முன்னாலே மூச்சு முட்டி நின்னுச்சு கடல். சொன்னேன். கடல் என்று சொன்னதும் தெரிந்தது, அந்த ஒரு சொல் எவ்வளவு காற்றைத் தின்கிறது என்று. இத்தனை ஆண்டுகள் அதை வேறு வாய்களில் தூக்கி வைத்திருந்தேன், இப்போது அது என் தோளில் இறங்குகிறது. பாட்டன் ஏறிய கப்பல் போயிருச்சு, படியில மிச்சம் அவன் உடல். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. சொற்களின் இடையே காற்று மெலிகிறது, ஆடைக்கடியில் விலா எலும்புகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, வலப்பக்கம் உச்சியில் ஒரு நூல் இழுபடுவது போல, வலியன்று, யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் கையை வைத்துவிட்டு எடுக்காமல் நிற்பது போல. பாதியைக் கடந்தேன். உடம்பு சொன்னது, தீர்ந்தது. வயிறு தானாகவே இறுகத் தொடங்கியது, அதற்கு யாரும் கட்டளை இட வேண்டியதில்லை, துறைமுகத்து வயிறு அது, பலகையின் நடுவே மூட்டையைப் போட்டுவிட்டு நிற்பது அதற்குத் தெரியாது. நான் அதைத் தள்ளவிடவில்லை. எப்படித் தடுத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. தள்ளுவதற்குக் கற்றவன், தடுப்பதற்குக் கற்றதில்லை. வாய் அடுத்த சொல்லுக்காகத் திறந்திருந்தது. சொல் வரவில்லை. மூச்சையும் நான் இழுக்கவில்லை, உதடுகளை மூடி, மூக்கின் வழியே, ஒலிவாங்கிக்குக் கேட்காத அளவு மெல்ல மெல்லக் காற்றை உள்ளே விட்டேன். பீட் போய்க்கொண்டிருந்தது. அசையாமல் நின்றேன். என் சொற்கள் இருக்க வேண்டிய இடங்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் கடந்து போயின, ஆளில்லாத பெட்டிகள் கோத்த வண்டி போல, இதோ இந்த அடியில் அம்மாவின் பெயர் வர வேண்டும், வரவில்லை, இதோ இங்கே கிடங்கின் பூட்டு, வரவில்லை, இங்கே மழை. இவ்வளவு நீளமா அது? நான் இதை ஒருநாளும் வெளியிலிருந்து கேட்டதில்லை. நான் இல்லாவிட்டாலும் அது ஓர் அடிகூடத் தவறாமல் போகிறது. போய், தன் இடத்தில் முடிந்தது. முடிந்த பிறகும் யாரும் எதையும் அணைக்கவில்லை.

ஜெகாதான் முதலில் பேசினான். "மறந்துட்டீங்களாண்ணே?" "மறக்கல. மூச்சு முடிஞ்சிருச்சு." "சரி சரி, தண்ணி குடிங்க, இன்னொரு டேக் போவோம்." நான் கூண்டை விட்டு வெளியே வந்து, அவனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன், வயிறு மடிய. நுரையீரலில் இருப்பதைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. "அடப்பாவி மனுசா," என்றான், வயதையும் மறந்து. "இத வெச்சிக்கிட்டா என்கிட்ட வந்து நிக்கிறீங்க? இங்க ஏதாவது ஆயிருந்தா? அண்ணிக்குத் தெரியுமா?" தெரியும், இயந்திரம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். "அண்ணி சொல்றதுதான் சரி. ஒட்டிக்கலாம். இனிமே ஒரே டேக்னு என் ஸ்டூடியோல நீங்க வாயத் தொறக்கக் கூடாது." இப்போது எடுத்ததை அப்படியே வெளியிடு என்றேன். வெட்டாமல், ஒட்டாமல், காலியாக ஓடும் மீதிப் பீட்டையும் சேர்த்து. அவன் என்னைப் பார்த்தான், மூச்சோடு சேர்த்து மூளையும் போய்விட்டதோ என்று. "பாதியிலே நிக்குதுண்ணே." "நிக்குது." "ஒரே மூச்சுன்னு போட்டிருக்கோம்." "அது ஒரே மூச்சுதான். இப்ப இவ்வளவு நீளந்தான்." "கிழிச்சுருவாங்கண்ணே. உங்களையும் கிழிப்பாங்க, என்னையும் கிழிப்பாங்க." "தெரியும்." "நாளைக்குப் பாக்கலாமே. தூங்கி எழுந்திரிச்சு..." நாளைக்கு வேண்டாம் என்றேன். நாளைக்கு நான் வருவேன், ஜெகா. அதுதான் சிக்கல். தூங்கி எழுந்து, எவனாவது ஒருவன் கையைப் பிடித்து, இன்னும் அதே மூச்சா என்று கேட்டு, நான் சிரித்து, அந்தச் சிரிப்போடு இந்தப் படியேறி வந்து, வயிற்றைத் தள்ளுவேன். உனக்கு என்னைத் தெரியாது. இதை நான் வாயால் சொன்னேனா, மனத்துக்குள் சொன்னேனா என்று இப்போது தெரியவில்லை. ஆனால் அவன் நெடுநேரம் தன் பெரிய தலையைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினான். பதிவேற்றத்தைக் காட்டும் கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெல்ல நிறைந்தது. முடிந்ததும் அவன் விரல் தயங்கியது, என்னைப் பார்த்தான், அழுத்தினான்.

சற்று நேரம் எதுவும் இல்லை. தவமணியிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது முதல் மறுமொழி வந்தது. ஜெகா அதைப் படித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான். யாரோ ஒருவர், முகத்துக்குப் பதில் புலிப்படம் வைத்திருப்பவர், எழுதியிருந்தார்: 'மிச்சம் எங்கண்ணே?' அதன் கீழே இன்னொன்று, அதே கேள்வி. அதன் கீழே இன்னொன்று. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். "என்னண்ணே எழுதட்டும்?" என்றான் ஜெகா. ஒன்றும் எழுதாதே என்றேன். ஒருவர் சினந்திருந்தார், ஏமாற்று என்று. ஒருவர், ஏதோ கோளாறு, முழுசா நாளைக்கு வரும், பொறுங்க என்று மற்றவர்க்கு ஆறுதல் சொல்லியிருந்தார்; அதைப் படித்ததும் ஜெகாவிடம் திரையை அணைக்கச் சொன்னேன். நுரையீரலுக்குள் அந்த அறை அமைதியாக இருந்தது, வெடிக்கவுமில்லை, போகவுமில்லை. கிள்ளான் சிங்கா என்பவன் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போவான் என்னும் கேள்வி, என் கையால், என் விருப்பப்படி, சாட்சியாக ஜெகதீஸ்வரன் பக்கத்திலிருக்க முடித்துவைக்கப்பட்டது, விசுவாவசு ஆண்டு ஆடித் திங்கள் இருபத்தெட்டாம் நாள், ஈராயிரத்து இருபத்தைந்து ஆகஸ்டு பதின்மூன்று, புதன்கிழமை.